பத்திரமா எடுத்து வெச்சதெல்லாம் எங்க போச்சு? வீட்டை ஒழிக்கறது பத்தி அடிக்கடி கேக்கற கேள்விகள்

போன மாசம் பரண் மேல இருந்து ஒரு ஷூ பாக்ஸ் கெடச்சுது. ஒம்பது வருஷம் முன்னாடி வாங்கினது, ரெண்டே ரெண்டு தடவை போட்டிருப்பேன், வீணாக்க வேணாம் பத்திரமா இருக்கட்டும்னு வந்த பேப்பர்லயே சுத்தி மேல ஏத்திட்டேன். இப்ப ஆசையா எடுத்து மாட்டிட்டு ஹால்ல நாலடி நடந்து திரும்பிப் பாத்தா தரை பூரா கறுப்புக் கறுப்பா பொடி, அடிப்பாகம் ஈரமான ரஸ்க் மாதிரி உதிர்ந்து கெடக்கு. மேல் பாகம் மட்டும் பளபளன்னு புதுசாவே இருக்கு. அன்னைக்கு ஆரம்பிச்ச ஒழிப்பு மூணு வாரம் ஓடுச்சு. அதுக்கப்புறம் தெரிஞ்சவங்க கேட்டது, நானே என்னைக் கேட்டுக்கிட்டது, எல்லாத்தையும் இங்க போட்டிருக்கேன்.

போடவே போடாத ஷூ எப்படிங்க உதிரும்?

நிறைய ஷூவோட நடுப்பாகம் பாலியூரித்தேன்கற ஒரு வகை பிளாஸ்டிக் நுரையில செய்யறாங்க. காத்துல இருக்கற ஈரமே அதை மெதுவா உடைச்சுடும், நீங்க போட்டாலும் நடக்கும் போடாட்டியும் நடக்கும். வெளிய பாக்க ஒண்ணும் தெரியாது, கால வெச்சு அழுத்தும்போதுதான் குட்டு வெளிப்படும். பாக்ஸுக்குள்ள வெச்சா காலம் நின்னுடும்னு நாம நினைக்கறோம்ல, அதுதான் தப்பு. ரப்பர் பேண்டு இளகி காகிதத்தோட ஒட்டிக்கும், ஸ்டேப்ளர் பின் துருப்பிடிக்கும், பேட்டரி கசியும், பில்லு வெளுத்துப் போகும், எல்லாமே இருட்டுல கமுக்கமா நடக்கும். ஒழிக்கறதுன்னா தூக்கிப் போடறதுன்னு எல்லாரும் நினைக்கறாங்க, எனக்கு இப்ப அப்படித் தோணல. உள்ள போன பொருளை அப்பப்ப வெளிய எடுத்து உயிரோட இருக்கான்னு பாக்கறதுதான் ஒழிக்கறது. தூக்கிப் போடறது அதுல ஒரு பகுதி, அவ்வளவுதான்.

சரி, எங்க இருந்து ஆரம்பிக்கறது?

பரண்ல இருந்து ஆரம்பிக்காதீங்க, தயவுசெஞ்சு. நான் அப்படித்தான் செஞ்சேன், மொத நாளே எல்லாத்தையும் எறக்கி கூடத்துல பரப்பிட்டேன், ராத்திரி பத்து மணிக்கு படுக்க எடமில்ல, மறுபடி கைக்கு வந்தபடி மேலயே திணிச்சேன், முன்னாடி இருந்ததை விட மோசமா. ஒரு டிராயர் போதும். அதையும் தினம் தொறக்கற டிராயரா பாத்து எடுங்க, ஏன்னா அது சுத்தமானா மறுநாளே கண்ணுக்குத் தெரியும், கைக்கும் தெரியும். ஒரே வாரத்துல பத்து டிராயர் முடிஞ்சுடும், அப்புறம் பீரோ, கடைசியா பரண். எவ்வளவு நேரத்துல திருப்பி அடுக்க முடியுமோ அவ்வளவு மட்டும் வெளிய இழுங்க, இதைத் தவிர வேற ரூல் எதுவும் எனக்கு வேலைக்கு ஆகல.

இன்னொண்ணு, லெட்டரும் போட்டோவும் கைல வந்தா படிக்க உக்காராதீங்க. ஒரு பையில போட்டு ஓரமா வெச்சுட்டு வேலையை முடிங்க. ஒரு பழைய லெட்டர் ஒரு மத்தியானத்தை முழுங்கிடும்.

பொட்டி, டப்பா எல்லாம் மொதல்லயே வாங்கி வெச்சுக்கலாமா?

வேணாம். அடைசலை அழகா அடுக்கறதுக்குத்தான் அது ஆகும். எல்லாம் முடிஞ்சப்புறம் என்ன மிஞ்சுதுன்னு பாத்து வாங்குங்க, பாதி பேருக்கு வாங்கவே வேண்டி இருக்காது, ஏன்னா காலி டப்பாவே ஒரு மூட்டை கெடைக்கும்.

"எதுக்காவது ஆகும்"னு தோணிட்டே இருக்கே, எதையும் போட மனசே வரல?

இதுக்குப் பின்னாடி ஒரு சங்கதி இருக்கு. 1990ல டேனியல் கானிமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர்னு மூணு ஆராய்ச்சியாளருங்க ஒரு சோதனை வெளியிட்டாங்க. வகுப்புல பாதிப் பேருக்கு ஒரு காபி மக்கை சும்மா குடுத்துட்டு என்ன விலைக்கு விப்பீங்கன்னு கேட்டாங்க, மீதிப் பேர்கிட்ட என்ன விலைக்கு வாங்குவீங்கன்னு கேட்டாங்க. வெச்சிருந்தவங்க கேட்ட விலை, வாங்கறவங்க சொன்னதைப் போல சுமாரா ரெண்டு மடங்கு. கைக்கு வந்து கொஞ்ச நேரம்தான் ஆச்சு, அதுக்குள்ள "என்னோடது" ஆயிடுச்சு. கொஞ்ச நேரத்துக்கே இப்படின்னா பதினஞ்சு வருஷமா பீரோவுல இருக்கறதுக்கு என்ன பண்ணுவோம், சொல்லுங்க.

அதனால கேள்வியைக் கொஞ்சம் மாத்திக் கேட்டுப் பாருங்க. "இதைப் போட்டுடலாமா"ன்னு கேட்டா மனசு வேணாம்னுதான் சொல்லும். "இது என்கிட்ட இல்லாம இருந்து இப்ப யாராவது குடுத்தா வாங்கி வெச்சுப்பேனா"ன்னு கேளுங்க. நான் இப்படிக் கேட்டதுல மூணு ஃபிளாஸ்க், கைப்பிடி இல்லாத ரெண்டு குடை, ஓடாத ஒரு சுவர்க்கடிகாரம் எல்லாம் நொடியில போச்சு. நாலாவது ஃபிளாஸ்க் போகல. ஏன்னு தெரியல, இருந்துட்டுப் போகட்டும்.

ஒரு வருஷம் தொறக்காத பொட்டியை அப்படியே தூக்கிப் போட்டுடலாம்கறாங்களே?

நிறைய பேர் சொல்றாங்க, நான் ஒத்துக்க மாட்டேன். "சில்லறை சாமான்"னு மேல எழுதி இருந்த ஒரு அட்டைப் பொட்டி எங்க வீட்டுல ஆறு வருஷம் தொறக்கல. இந்த யோசனைப்படி பாத்தா அது போயே போயிருக்கணும். உள்ள ஒயர் துண்டு, உடைஞ்ச பிளக்கு, அதுக்கெல்லாம் அடியில ஒரு பிளாஸ்டிக் கவர்ல என் தங்கச்சியோட ஒரிஜினல் மார்க் ஷீட். அவ டூப்ளிகேட் வாங்கறதுக்கு அலைஞ்ச அலைச்சல் எனக்குத்தான் தெரியும். பொட்டி மேல தேதி போட்டு மூடி வெக்கறது நல்ல பழக்கம், அதைத் தப்பு சொல்லல. ஆனா போடறதுக்கு முன்னாடி தொறந்து, அடி வரைக்கும் கைய விட்டுப் பாருங்க. புத்தகத்தையும் ஒருதடவை தலைகீழாப் புடிச்சு உதறிடுங்க.

பழைய பேப்பர், சர்டிபிகேட், பில்லு இதெல்லாம் எப்படிப் பிரிக்கறது?

பிறப்பு, கல்யாணம், படிப்பு, சொத்து, இந்த நாலு சம்பந்தப்பட்ட ஒரிஜினல் எதுவும் போகக் கூடாது, பேச்சே கெடையாது. லேமினேட்டும் பண்ணாதீங்க, சூடுபடுத்தி ஒட்டினா திரும்பப் பிரிக்க வழி இல்ல, சில எடத்துல லேமினேட் பண்ணின ஒரிஜினலை வாங்கவும் மாட்டாங்க. ரப்பர் பேண்டு, பின்னு, கிளிப் எல்லாத்தையும் எடுத்துடுங்க. எங்க வீட்டுக் கட்டுல ரப்பர் பேண்டு துண்டு துண்டாகி, செத்த மண்புழு மாதிரி பேப்பர்ல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, சொரண்டினா எழுத்தோட வருது.

பில்லு விஷயம் வேற. வழவழப்பான பேப்பர்ல வர்ற பில்லுல மையே கெடையாது. அந்தப் பேப்பர் மேல பூசி இருக்கற ரசாயனம் சூடு பட்டதும் கறுக்கும், அதுதான் எழுத்து. வெயில், சூடு, பிளாஸ்டிக் கவர் எல்லாமே அதுக்கு எதிரி. நான் வாரண்டிக்குன்னு பிளாஸ்டிக் ஃபைல்ல பத்திரமா சொருகி வெச்ச பில்லுங்கள்ல முக்காவாசி வெள்ளைப் பேப்பர், என்ன பொருளோட பில்லுன்னு கூடத் தெரியல. வாங்கின அன்னைக்கே போன்ல ஒரு படம் எடுத்துடுங்க.

போட வேண்டிய பேப்பர்ல பேர், அக்கவுண்ட் நம்பர், கையெழுத்து இருந்தா கிழிச்சுப் போடுங்க. ரெண்டா கிழிச்சா போதாது, நம்பருக்கு நடுவுல கிழியணும்.

போட்டோ ஆல்பத்துல படமெல்லாம் ஒட்டிக்கிச்சு, எப்படி எடுக்கறது?

பிசின் தடவின அட்டை மேல பிளாஸ்டிக் தாள் மூடற மாதிரி ஒரு ஆல்பம் வரும்ல, அதுவா? அந்தப் பிசின் வருஷம் ஆக ஆக மஞ்சளாகி இறுகிடும். மூலைய புடிச்சு இழுத்துடாதீங்க, படம் சுருண்டு மேல் பூச்சு வெடிச்சுடும். மொதல்ல பக்கத்தை அப்படியே போன்ல படம் எடுத்துக்கோங்க, பிரிக்கும்போது கிழிஞ்சாலும் அதாவது மிஞ்சும். அப்புறம் பல்லு சுத்தம் பண்ற ஃபிளாஸ் நூலை படத்துக்கும் அட்டைக்கும் நடுவுல விட்டு, ரம்பம் அறுக்கற மாதிரி மெதுவா இப்படியும் அப்படியும் இழுத்துட்டே போகணும். ஒரு பக்கத்துக்கு கால் மணி நேரம் ஆகும், அவசரப்பட்டா கிழியும். நூலும் போகாத அளவுக்கு ஒட்டி இருந்தா விட்டுடுங்க, அப்படியே ஸ்கேன் பண்ணிக்கலாம்.

பின்னாடி பேரும் வருஷமும் பென்சில்ல எழுதுங்க, பேனா அழுத்தம் முன்பக்கம் தெரியும், மையும் கசியும். யாரு யாருன்னு தெரிஞ்ச பெரியவங்க வீட்டுல இருக்கும்போதே எழுதிடுங்க. எங்க ஆல்பத்துல ஒரே அம்மா ஏழு படத்துல நிக்கறாங்க, எல்லாத்துலயும் சிரிப்பு, அவங்க யாருன்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியல.

கேசட், வீடியோ டேப் எல்லாம் இன்னும் ஓடுமா?

ஓடலாம், ஆனா அது ஓடற மெஷின்தான் கஷ்டம். வீட்டுல போடற வீடியோ பிளேயரைக் கடைசி வரைக்கும் செஞ்சுட்டு இருந்த ஜப்பானோட ஃபுனாய் கம்பெனியே 2016 ஜூலையோட நிறுத்திடுச்சு. இப்ப கெடைக்கறதெல்லாம் பழசுதான், அதுவும் குறைஞ்சுட்டே போகுது. அதனால டேப்பை மாத்தி வெக்கறதைத் தள்ளிப் போடாதீங்க. உள்ள சுருள் மேல வெள்ளையா பூஞ்சை தெரிஞ்சா பிளேயர்ல போடவே கூடாது, டேப்பும் போகும் பிளேயரும் போகும், அது தெரிஞ்சவங்ககிட்ட குடுக்கற வேலை. நல்லா இருந்தா மொதல்ல ஒருதடவை முழுசா முன்னாடி ஓட்டி பின்னாடி சுத்திட்டு அப்புறம் கேளுங்க. ஆடியோ கேசட்டா இருந்தா மேல் விளிம்புல ரெண்டு குட்டி பிளாஸ்டிக் பல்லு இருக்கும், அதை உடைச்சு விட்டுடுங்க, தெரியாம ரெக்கார்டு பட்டனை அமுக்கினாலும் அழியாது.

எங்க வீட்டுல "முக்கியம்"னு அப்பா கையெழுத்துல ஒரு கேசட் இருந்துச்சு. கடன் வாங்கின பிளேயர்ல போட்டு வீடே உக்காந்து கேட்டோம். ஒரு பக்கம் பூரா ஃபேன் ஓடற சத்தம். வேற ஒண்ணும் இல்ல. நடுவுல ஒருதடவை யாரோ கதவு சாத்தறாங்க. கடைசில பக்கத்துல வந்து அப்பா குரல், "ஏம்மா, இது பதிவாகுதா?" அவ்வளவுதான், டக்குன்னு முடிஞ்சுடுச்சு. அதை மூணு எடத்துல காப்பி போட்டு வெச்சிருக்கேன்.

மூணு எடம்னு சொன்னது வெளையாட்டுக்கு இல்ல. பென் டிரைவுல போட்டு டிராயர்ல போட்டா அதுவும் நிரந்தரம் கெடையாது, அதுல டேட்டா மின்சாரமாத்தான் தேங்கி நிக்குது, வருஷக் கணக்குல செருகாமலே கெடந்தா கசிஞ்சுடலாம். நாமளே எழுதின சிடி வெயில்ல கெட்டுடும். ஒரே எடத்துல இருக்கறது இல்லாததுக்குச் சமம்.

பழைய டார்ச், ரிமோட்ல வெள்ளையா உப்பு மாதிரி பூத்திருக்கே?

ஆல்கலைன் பேட்டரி கசிஞ்சிருக்கு. உள்ள இருக்கறது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அது வெளிய வந்து காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடோட சேந்துதான் அந்த வெள்ளைப் பொடி. வெறும் கையால தொடாதீங்க, அரிக்கும். கையுறை போட்டு பேட்டரியை எடுத்துட்டு, காது குடையற பட்ஸ்ல வினிகர் தொட்டு கம்பியத் தொடச்சீங்கன்னா லேசா நுரை வரும், அப்புறம் ஈரத்துணியால ஒருதடவை, நல்லா காயவிட்டு புது பேட்டரி. பத்துல ஏழு பொழைச்சுக்கும். பொம்மை, கால்குலேட்டர், டைம்பீஸ், எதையும் பேட்டரியோட உள்ள வெக்காதீங்க, இதுதான் பாடம்.

பழைய போன் நாலு கெடக்கு, அதை என்ன பண்றது?

மொதல்ல முதுகைப் பாருங்க. மூடி உப்பி இருந்தாலோ, ஸ்கிரீன் ஓரம் தூக்கி இருந்தாலோ பேட்டரி வீங்கி இருக்குன்னு அர்த்தம். படம் எடுக்கணும், நம்பர் எடுக்கணும்னு அதை சார்ஜ் போடாதீங்க. அமுக்காதீங்க, குத்தாதீங்க, குப்பைத் தொட்டியிலயும் போடாதீங்க, லித்தியம் பேட்டரி தீப்பிடிச்சா அணைக்கறது பெரும்பாடு. எரியற சாமான் எதுவும் பக்கத்துல இல்லாம தனியா வெச்சுட்டு மின்குப்பை வாங்கற எடத்துல சீக்கிரம் குடுத்துடுங்க.

நல்லா இருக்கற போனா இருந்தா வேண்டியதை எடுத்துக்கிட்டு, எல்லா அக்கவுண்ட்லயும் வெளிய வந்துட்டு, ஃபேக்டரி ரீசெட் போட்டுக் குடுங்க. பழைய கம்ப்யூட்டர் ஹார்டு டிஸ்க்ல வெறும் டெலீட் அமுக்கினா ஃபைல் அப்படியேதான் இருக்கும், அது இருக்கற எடத்தோட பேரை மட்டும் அழிக்கும், மொத்தமா மேல வேற எழுதி அழிக்கற சாஃப்ட்வேர் தனியா இருக்கு.

ஒயர் மூட்டை?

எந்தப் பொருளோடதுன்னு சொல்லத் தெரிஞ்சா வெச்சுக்கோங்க. தெரியாட்டா மின்குப்பை. டைப்-சி சார்ஜர் முனை 2014லயே வந்தாச்சு, புதுசா வாங்கறதெல்லாம் அதுக்கு மாறிட்டு இருக்கு, மூட்டைக்குள்ள கெடக்கற அந்தப் பழைய அகல முனை சார்ஜருக்குப் போன் இனிமே வராது.

துணிமணி விஷயத்துல என்ன கவனிக்கணும்?

மறுபடி ஒல்லியாவோம்னு வெச்சிருக்கற பேண்ட் பத்தி நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல, அது அவங்கவங்க நம்பிக்கை. ஆனா வெச்சிருக்கற துணியை பிளாஸ்டிக் கவர்ல இறுக்கி வெக்காதீங்க, ஈரம் உள்ளயே நின்னு பூஞ்சை பிடிக்கும். பட்டுத் துணியை வருஷக்கணக்கா ஒரே மடிப்புல வெச்சா மடிப்பு வழியாவே விட்டுப் போகும், வருஷத்துக்கு ரெண்டு தடவை பிரிச்சு வேற மாதிரி மடிங்க.

அந்துருண்டை, சில பேர் பாச்சா உருண்டைம்பாங்க, அது போட்ட துணியை எடுத்து நேரா பச்சக் கொழந்தைக்குப் போடாதீங்க, சுத்தவும் கூடாது. அதுல நாஃப்தலீன் இருந்தா, ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுவைக் காப்பாத்தற ஒரு நொதி பொறப்புலயே குறைவா இருக்கறது) இருக்கற கொழந்தைங்களுக்கு ரத்தச் சிவப்பணு உடைஞ்சு பெரிய ஆபத்தாகும். அந்தக் குறைபாடு இருக்கறது பல வீட்டுல தெரியவே தெரியாது. நல்லா காத்தாட விட்டு, தொவைச்சு, அப்புறம் பாத்துக்கலாம்.

மருந்து டப்பாவுல தேதி முடிஞ்ச மாத்திரை நிறைய இருக்கு.

திருப்பி வாங்கற மருந்துக்கடையோ ஆஸ்பத்திரியோ இருந்தா அங்க குடுங்க. இல்லன்னா அட்டையில இருந்து பிரிச்சு, மண்ணோட கலந்து, கட்டி குப்பையில போடுங்க. சாக்கடையில, டாய்லெட்ல கொட்டாதீங்க. மீதி வெச்ச ஆன்டிபயாட்டிக்கை "அப்ப கேட்டுச்சே"ன்னு இப்ப முழுங்கறதும் வேணாம்.

பரண்ல எலிப் புழுக்கையா இருக்கு, பெருக்கிடலாமா?

காஞ்சபடியே பெருக்காதீங்க, தூசியோட மூக்குக்குள்ள போகும், அதுல கிருமி இருக்கலாம். ஜன்னலைத் தொறந்து, மாஸ்க்கும் கையுறையும் போட்டு, கிருமிநாசினித் தண்ணி தெளிச்சு கொஞ்ச நேரம் ஊறவிட்டு பேப்பரால வழிச்செடுங்க. ஸ்டூல் மேல ஸ்டூல் போட்டு ஏறாதீங்கன்னு தனியா சொல்லணுமா?

பரிசா குடுத்ததைப் போட்டா அவங்க மனசு கஷ்டப்படாதா?

குடுத்தன்னைக்கே அந்தப் பரிசு வேலையை முடிச்சாச்சு. மனசு கேக்கலன்னா ஒரு படம் எடுத்துட்டுக் குடுத்துடுங்க. 2017ல வந்த ஒரு ஆய்வுல, விடுதிய விட்டுக் கெளம்பற காலேஜ் பசங்ககிட்ட, மனசுக்கு நெருக்கமான சாமானைப் படம் எடுத்துக்கிட்டு தானம் பண்ணுங்கன்னு சொன்ன எடத்துல, சும்மா தானம் கேட்ட எடத்தை விட அதிகமா வந்து சேந்துச்சு. நானும் செஞ்சு பாத்தேன். படத்தை அப்புறம் பாத்தேனான்னா, பாக்கல. ஆனா கை லேசா வந்துடுச்சு.

வீட்டுக்காரர் சாமானை நானே எடுத்துப் போட்டுடலாமா? அவர் கவனிக்கக்கூட மாட்டார்.

கவனிப்பார். சரியா அந்த ஒண்ணைத்தான் அடுத்த வாரம் தேடுவார், அதுக்கப்புறம் வீட்டுல காணாமப் போற எல்லாத்துக்கும் நீங்கதான் பதில் சொல்லணும். உங்களோடதை மட்டும் ஒழிங்க. மத்தவங்களுதை ஒரு பொட்டில போட்டு "இது உங்க பொட்டி, நீங்களே பாருங்க"ன்னு வெச்சுடுங்க. பசங்க பொம்மைக்கும் இதேதான்.

எங்க வீட்டுப் பெரியவர் காலி கவரைக்கூட போட விடறதில்ல, நடக்க எடமில்ல, கேட்டா அழறாங்க.

இது சோம்பேறித்தனமோ பிடிவாதமோ இல்லாம இருக்கலாம். எதையும் விட முடியாம, வீட்டைப் புழங்கவே முடியாத அளவுக்குச் சேக்கறதை மனநல மருத்துவத்துல தனிக் கோளாறாவே வெச்சிருக்காங்க, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013ல வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேட்டுல தனிப் பேரோட இருக்கு. அவங்க வெளிய போனப்ப லாரி வெச்சு அள்ளிடலாம்னு மட்டும் யோசிக்காதீங்க, திரும்பி வந்து இன்னும் வேகமா சேப்பாங்க, உங்க மேல நம்பிக்கையும் போயிடும். பேசிப் பேசி பண்ற சிகிச்சை இதுக்கு இருக்கு, டாக்டரைப் பாருங்க. அதுவரைக்கும் நடக்கற வழி, அடுப்பு, கதவு, இந்த மூணு எடம் மட்டும் காலியா இருக்கட்டும்னு அவங்களோடயே பேசி ஒத்துக்க வையுங்க.

எந்தப் பூட்டோடதுன்னு தெரியாத சாவிக்கொத்து கெடச்சுது!

எல்லார் வீட்டுலயும் கெடைக்கும். எங்களுக்குப் பதினோரு சாவி. வீட்டுல இருக்கற ஒவ்வொரு பூட்டுலயும் வரிசையா போட்டுப் பாத்தோம், நாலு சேந்துச்சு, அதுல ஒண்ணு பூட்டே இல்லாம கெடக்குன்னு நாங்க நினைச்ச டிரங்குப் பொட்டியோடது. மீதி ஏழையும் ஒரு கவர்ல போட்டு "முயற்சி பண்ணியாச்சு"ன்னு தேதியோட எழுதி வெச்சிருக்கேன். போடச் சொல்லி நீங்க சொல்லுவீங்க, தெரியும்.

கெடச்சதை மறுபடி எங்க வெக்கறது, திரும்பவும் மறந்துடுமே?

புதுசா ஒரு பத்திரமான எடம் யோசிக்காதீங்க, அங்கதான் எல்லாம் காணாமப் போகுது. தேவைப்பட்டா மொதல்ல எங்க போய் தேடுவீங்களோ, அங்கயே வையுங்க. பரணுக்குப் போறதா இருந்தா பொட்டியோட நாலு பக்கமும் உள்ள என்னன்னு எழுதுங்க, மூடி மேல எழுதினா கீழ இருந்து தெரியாது. "முக்கியம்"னு எழுதாதீங்க, எங்கப்பா எழுதினாரு பாருங்க. "டார்ச், ஒயர், பழைய கண்ணாடி ரெண்டு"ன்னு எழுதுங்க. என்ன எங்க இருக்குன்னு நோட்டு போட்டும் எழுதலாம், நானும் போன தடவை ஒழிச்சப்ப ஒரு நோட்டு போட்டேன், பச்சை அட்டை. பதினோரு வருஷம் ஆச்சு, இந்தத் தடவை எல்லாத்தையும் எறக்கியும் அது மட்டும் கெடைக்கல.